வாடகைக்கு வராத அறை

வீட்டுக்கு வருபவரைக் குறிக்க மராத்தியில் இரண்டு சொற்கள் உண்டு. 'பாஹுணே' என்றால் விருந்தாளி. உறவுக்காரர் என்றும் பொருள்படும். சம்பந்தி வீட்டார் வந்தாலும் பாஹுணேதான். முன்பின் தெரியாதவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும் பாஹுணேதான். 'கிர்ஹாயிக்' என்பது கடைக்கு வருபவரைச் சொல்வது. காசு கொடுத்து வாங்குபவர். முதலாமவரிடம் காசு கேட்பது குடும்பத்துக்கு இழுக்கு. இரண்டாமவரிடம் கேட்காமல் விட்டால் பிழைப்பு நடக்காது. புனே நகரிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தென்மேற்கே, முட்டா ஆற்றங்கரையில் இருக்கும் கடக்வாஸ்லாவிலும், அதைச் சுற்றியுள்ள டோண்ஜே, கோர்ஹே, கானாப்பூர் போன்ற ஊர்களிலும், சொந்த வீட்டில் ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ வெளியூர்க்காரர்களுக்கு விடும் குடும்பங்கள் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்துகின்றன. இரவு படுக்கப் பணம் கொடுத்தவர் காலையில் அடுப்படி வாசலுக்கு வந்து, "மாவ்ஷி, சாய் கிடைக்குமா?" என்று கேட்கிறார். மாவ்ஷி என்றால் சித்தி. கிர்ஹாயிக்காக வந்தவர் பாஹுணே ஆகிவிடும் அந்த நேரத்தில், வீட்டுக்காரருக்கும் அவருடைய வீட்டுக்கும் உள்ள உறவும் சற்று மாறுகிறது.

கடக்வாஸ்லாவுக்கு ஆட்கள் வருவது புதிதல்ல. 1870களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபைஃப் கட்டிய அணையால் உருவான ஏரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இந்தியாவில் எழுந்த முதல் பெரிய கல் அணைகளில் ஒன்று அது. பிறகு விஸ்வேஸ்வரய்யா வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903இல் இங்கேதான் பொருத்தப்பட்டன. 1961 ஜூலை 12 அன்று மேலே இருந்த பான்ஷேத் அணை உடைந்தபோது இந்த அணையும் தாக்குப்பிடிக்கவில்லை. புனேயின் ஆற்றங்கரைப் பேட்டைகள் வெள்ளத்தில் போயின. இன்று பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் அணைகளோடு சேர்ந்து புனேக்குக் குடிநீர் தருவது இந்த நீர்த்தேக்கம். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நகரமே இங்கே வந்து நிற்கிறது: சுட்ட சோளக்கதிர், வெங்காய பஜ்ஜி, மதகு திறந்தால் பாயும் தண்ணீரைப் பார்க்க ஒரு கூட்டம். அருகில் சிம்ஹகட் கோட்டை. 1670இல் தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்ட அந்த மலைமேல், கடலைமாவுக் குழம்பான பிட்லா, தட்டிச் சுடும் ரொட்டியான பாக்ரி, மண்சட்டித் தயிர் என்று விற்பவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். வருபவர்களில் பெரும்பாலோர் அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். தங்குபவர்கள் சிலர்தான். வீட்டைத் திறப்பது அந்தச் சிலருக்காக.

அவர்களில் ஒரு வகையினரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமி இருப்பது கடக்வாஸ்லாவில். 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதக் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும், மூன்றாண்டுப் பயிற்சி முடித்த மாணவர்களின் நிறைவு அணிவகுப்பு கேத்ரபால் மைதானத்தில் நடக்கும். அப்போது நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் வந்து இறங்குகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்தும்தான். 2025 மே 30 அணிவகுப்பில் முதல்முறையாக 17 பெண்களும் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். இந்தப் பெற்றோருக்கு ஏரியும் கோட்டையும் பொருட்டல்ல. விடியுமுன் எழுப்பிவிட ஒருவர், பட்டுப்புடவைக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி, கிளம்புவதற்குள் ஒரு வாய் சாய் இவைதான் வேண்டும். மகனோ மகளோ தோளில் பட்டையோடு நிற்கப் போவதை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் முற்றத்தில் உட்கார்ந்திருப்பவரை எந்த வீட்டுக்காரியும் கிர்ஹாயிக்காகப் பார்ப்பதில்லை. அந்த இரண்டு நாள் வீடு கல்யாண வீடு போல ஆகிவிடுகிறது.

வீட்டின் வரைபடம்

மராட்டியக் கிராமத்து வீட்டில் வெளியாள் எதுவரை வரலாம் என்பது கட்டும்போதே தீர்மானமாகிவிடும். முன்னால் 'அங்கண்' என்னும் முற்றம், நடுவே துளசிமாடம். அடுத்து 'ஓட்டா', நம்மூர்த் திண்ணை. அதையொட்டி 'ஓசரி' என்னும் தாழ்வாரம். வெயிலில் வந்தவருக்கு வெல்லமும் தண்ணீரும் கொடுப்பது இங்கேதான். பல விஷயங்கள் பேசி முடிந்துபோவதும் இங்கேதான். உள்ளே 'மாஜ்கர்' என்னும் நடுக்கட்டு. அதற்கும் உள்ளே சமையலறை, சாமி வைத்திருக்கும் 'தேவ்ஹாரா'. கொல்லையில் மாட்டுக்கொட்டில். செட்டிநாட்டு வீடு அளவில் பலமடங்கு பெரிது. ஆனால் முகப்பு, வளவு, இரண்டாம்கட்டு, மூன்றாம்கட்டு என்று உள்ளே போகப்போக ஆள் குறையும் கணக்கு இரண்டு வீடுகளிலும் ஒன்றுதான். திண்ணை ஊருக்குச் சொந்தம், அடுப்படி வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தம், சாமியறை முன்னோருக்குச் சொந்தம் என்ற பங்கீடு யாரும் எழுதி வைக்காதது.

வாடகை விருந்தாளி இந்தக் கணக்கைக் குழப்புகிறார். ஓசரியோடு நிற்க வேண்டியவர் நடுக்கட்டில் படுக்கிறார். குளியலறைக்குப் போகும் வழி அடுப்படியைத் தாண்டிப் போகிறது. மனிதர்கள் மற்றவர் முன்னால் ஒருவிதமாகவும், திரைக்குப் பின்னால் வேறுவிதமாகவும் இருப்பதை நாடக மேடையை உவமையாக்கி விளக்கியவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1959இல் பரவலாக வெளியான அவருடைய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருப்பவர் கடையைப் பூட்டியபின் திரைக்குப் பின்னால் போய்விடலாம். வீட்டையே கடையாக்கியவருக்கு அந்தப் பின்கட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலில் ஓய்ந்துபோகாமல் நீடிக்கும் குடும்பங்களில் பொதுவாக ஒன்றைக் காணலாம். வாடகைக்கு வராத ஓர் இடத்தை அவை ஒதுக்கி வைத்திருக்கின்றன. தாத்தா பாட்டி படுக்கும் உள்ளறை, சாமி மூலை, சில வீடுகளில் கொல்லைப்புறத்துக் கல்மேடை மட்டும். எத்தனை பேர் வந்தாலும், எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும், அது திறக்காது. இட நெருக்கடியில் அந்த அறையையும் சேர்த்து விட்டவர்கள் முதல் சீசனில் லாபம் பார்ப்பார்கள். அடுத்த சீசனில் தங்கள் வீட்டிலேயே உட்கார இடமில்லாமல் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். நஷ்டம் எங்கே என்று கணக்குப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

அடுப்படியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புனே மாவட்டக் கிராமங்களில் 'மாள்கரி' குடும்பங்கள் பல உண்டு. கழுத்தில் துளசி மாலை அணிந்து, ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்க்கரி மரபினர். மாலை போட்டவர் இறைச்சியும் மதுவும் தொடமாட்டார். அவருடைய அடுப்பில் அவை ஏறுவதுமில்லை. வார இறுதியில் நகரத்திலிருந்து வரும் இளைஞர் கூட்டம் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டையும்தான். முற்றத்தில் தனி அடுப்பு மூட்டி அங்கே கோழிக்குழம்பு வைக்கச் சம்மதிக்கும் குடும்பம் உண்டு. அந்தப் பாத்திரங்கள் வீட்டுக்குள் வராது. ஒரேயடியாக மறுத்து, அதனால் வரும்படி குறைவதை ஏற்றுக்கொள்ளும் குடும்பமும் உண்டு. நகரத்துக்காரருக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். அது தவறு. எந்த அடுப்பின் பாக்ரிக்காக அவர் இவ்வளவு தூரம் வந்தாரோ, அந்த அடுப்பை அந்த அடுப்பாக வைத்திருப்பது இந்த மறுப்புதான்.

விருந்தாளிக்காக மாறும் வீடு

வெளியாள் வரத் தொடங்கியதும் முதலில் மாறுவது கழிப்பறை. மேற்கத்திய பீங்கான், வெந்நீர் ஹீட்டர், வழுக்காத டைல்ஸ். இதில் குடும்பத்துக்கு நேரடி லாபம் உண்டு. மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு உட்கார வசதியான கழிப்பறை பல வீடுகளில் விருந்தாளியின் புண்ணியத்தில் வந்தது. பிறகு கொசுவலை, கூடுதல் மெத்தை, இன்வெர்ட்டர், வைஃபை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நடக்கிறது, அது இன்னும் சுவாரசியமானது. குடும்பம் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்ட பழக்கங்கள் திரும்பி வருகின்றன. கேஸ் அடுப்பில் சமைக்கும் வீட்டில் 'சூல்' என்னும் விறகடுப்பு மறுபடி மூட்டப்படுகிறது. சிமெண்ட் தரையை விட்டு ஒரு மூலைக்கு மட்டும் சாணம் மெழுகப்படுகிறது. மிக்ஸி இருந்தும் மிளகாய்த் துவையலான 'டேச்சா' அம்மியில் அரைக்கப்படுகிறது. பயணிகளுக்காகவே அரங்கேற்றப்படும் அசல்தன்மை என்று இதைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் டீன் மெக்கானல் 1973இலேயே எழுதினார். ஆனால் எல்லாமே வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. மாமியார் காலத்தோடு போய்விட்டதாக நினைத்த கைப்பக்குவத்தை மருமகள் கற்றுக்கொள்வது விருந்தாளிக்காகத்தான் என்றாலும், கற்றுக்கொண்டது அவளிடம் தங்கிவிடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பால்பிடித்த பச்சைச் சோளத்தைக் கதிரோடு நெருப்பில் வாட்டி, உதிர்த்துச் சூடாகத் தின்னும் 'ஹுர்டா' முன்பெல்லாம் வயல்காரர்கள் சொந்தபந்தத்தோடு கூடியிருந்து கொண்டாடியது. இன்று அது கட்டணம் கட்டிச் சேரும் விருந்து. அதற்காகவே சோளம் விதைப்பவர்களும் இருக்கிறார்கள்.

விவசாயியின் வீட்டையும் வயலையும் சேர்த்துச் சுற்றுலாவாக்கும் முயற்சிக்கு இந்த மாவட்டம்தான் நாற்றங்கால். பாண்டுரங் தாவரே 2005இல் தொடங்கிய வேளாண் சுற்றுலா நிறுவனம் பாராமதி அருகே முன்னோடிப் பண்ணையை நடத்தி, மற்ற விவசாயிகளுக்கும் பயிற்சி தந்தது. மகாராஷ்டிர அரசு 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. பதிவுக்குப் போகும் விவசாயி முதலில் எடுத்துக்கொண்டு போவது '7/12 உத்தாரா'. நிலம் யாருடையது, என்ன பயிர் என்று சொல்லும் அந்தத் தாள் இதுவரை பயிர்க்கடனுக்கும் பங்கு பிரிக்கவும்தான் பயன்பட்டது. இப்போது வீட்டுக் கூரைக்கும் ஒரு வருமானக் கணக்கு வந்துவிட்டதால், அண்ணன் தம்பி பங்குப் பேச்சில் 'அறைகள் யாருக்கு' என்பதும் சேர்ந்துகொள்கிறது. வயலைப் பிரிப்பது எளிது. விருந்தாளி தேடி வருவது ஒரு மாவ்ஷியின் கைமணத்தை என்றால், அதைப் பிரிக்க முடியாது.

சிரிக்கும் வேலை

இந்தத் தொழிலில் உழைப்பின் பெரும்பங்கு பெண்ணுடையது. படுக்கை விரிப்பு துவைப்பது, பாக்ரி தட்டுவது, குளியலறை கழுவுவது இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். வீட்டில் சாவு விழுந்த வாரத்திலும், மகன் பரீட்சையில் தோற்ற நாளிலும், வந்தவருக்கு முகம் கோணாமல் பேசுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. விமானப் பணிப்பெண்களைப் பார்த்து, உணர்ச்சியும் ஓர் உழைப்புதான் என்று 1983இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட். விமானம் தரையிறங்கியதும் பணிப்பெண் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டிலேயே இருப்பவள் எங்கே போவாள்?

உறவுச் சொற்களும் இங்கே இருபக்கமும் வெட்டுகின்றன. மாவ்ஷி, காகா (சித்தப்பா), தாதா (அண்ணன்), வஹினி (அண்ணி) என்று விருந்தாளிகள் கூப்பிடும்போது வீட்டாருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாவ்ஷி என்று கூப்பிட்ட பிறகு இரவு பதினொரு மணிக்குச் சாய் கேட்கலாம். கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். சொந்தம் சொன்னவரிடம் கறாராகப் பேச வாய் வராது. அதனால்தான் பல வீடுகளில் வேலை ஒருவரிடமும் வசூல் வேறொருவரிடமும் இருக்கிறது: சோறு போடுவது வஹினி, பணம் வாங்குவது அவளுடைய கணவரோ கல்லூரியில் படிக்கும் மகனோ. இந்த ஏற்பாடு சங்கடத்தைத் தவிர்க்கிறது. கூடவே, சம்பாதித்தவள் கைக்குப் பணம் போகாமலும் தவிர்த்துவிடுகிறது. பெண்கள் நடத்தும் சுற்றுலாத் தொழில்களுக்கு உதவ 'ஆயி' என்ற பெயரில், அதாவது 'அம்மா' என்ற பெயரில், மகாராஷ்டிர அரசு 2023இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. கடன் எவர் பெயரில் இருந்தாலும், வாடகை எந்த வங்கிக் கணக்கில் ஏறுகிறது என்பதே அந்த வீட்டில் அவளுடைய இடத்தைச் சொல்லும்.

காலமும் பகிரப்படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கூட்டம், குளிரில் ஹுர்டா, நடுவே அணிவகுப்பு நாட்கள். உண்மையான நெருக்கடி வருவது கணேச சதுர்த்தியில். கௌரி, கணபதி வீட்டில் இருக்கும் நாட்களில் மும்பையிலிருந்து மைத்துனர் குடும்பம் வரும், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளோடு வருவாள். அவர்கள் வழக்கமாகப் படுக்கும் அறைதான் இப்போது கைப்பேசிச் செயலியில் 'முன்பதிவுக்கு உண்டு' என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அசல் பாஹுணே வந்து வாசலில் நிற்கும்போது, காசு கொடுத்தவர் உள்ளே தூங்குகிறார். இந்த நாட்களில் பதிவை நிறுத்திவைக்கும் வீடுகள், விட்ட பணத்துக்கு ஈடாக என்ன பெறுகின்றன என்பதை அந்தக் கட்டிக்கொடுத்த பெண்ணிடம் கேட்டால் தெரியும்.

நம்பிக்கையும் சட்டமும்

முகம் தெரியாதவரை வீட்டுக்குள் படுக்க வைப்பதற்கு அச்சம் இல்லாமலில்லை. அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஓர் அறை விடுபவருக்கும் இந்தக் கடமை உண்டு. வீட்டுக்காரர் விருந்தாளியைச் சோதிப்பது ஒருமுறைதான். விருந்தாளி வீட்டுக்காரருக்கு மதிப்பெண் போடுவதோ எல்லோரும் பார்க்கும்படி நிலைத்துவிடுகிறது. 'தலையணை கடினம்' என்பது பொருளைப் பற்றிய குறை. 'வீட்டில் சத்தம் அதிகம்' என்று எழுதப்பட்டால், அது தொட்டில் குழந்தையைப் பற்றிய குறை. ஹோட்டல் முதலாளி முன்னதைப் போலவே பின்னதையும் சரிசெய்யப் பார்ப்பார். வீட்டுக்காரர் குழந்தையை என்ன செய்ய முடியும்?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஓர் அறை முதல் 6 அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள் விடலாம். ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் வீட்டை லாட்ஜிலிருந்து பிரிக்கிறது. அணைக்கு மேலே பான்ஷேத் சாலையில் வரிசையாக இருக்கும் வாடகைப் பண்ணைவீடுகள் பலவற்றில் உரிமையாளர் இருப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் பொதுவாக விவசாய நிலம் வாங்க முடியாது என்ற சட்டம் இருந்தும், நகரத்துப் பணம் வழி கண்டுபிடித்து வந்துசேர்கிறது. அங்கே ஒரு காவலாளி சாவி கொடுப்பார். வேலியும் நீச்சல்குளமும் ஸ்பீக்கரும் இருக்கும். இரவு எவ்வளவு நேரம் பாட்டுப் போட்டாலும் கேட்க அந்த வளாகத்தில் ஆளில்லை. கேட்பது பக்கத்து வயல்காரரின் வீடு. இரண்டையும் ஒரே 'ஹோம்ஸ்டே' என்ற பெயரில் விற்பது, சொந்த வீட்டைப் பகிர்பவருக்கு இழைக்கப்படும் அநீதி. குடியிருப்பு விதியைக் கண்டிப்பாகச் சோதித்து, ஆளில்லாத வீடுகளை வேறு பெயரில் பதிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வீடும் தொழிலும் ஒன்றாகும் இந்த நிலைக்கு 'வணிக இல்லம்' என்று ஆய்வுலகில் பெயர் உண்டு. பால் லிஞ்ச், ஆலிசன் மெக்கின்டாஷ், ஹேசல் டக்கர் ஆகியோர் தொகுத்து 2009இல் வந்த நூல், பல நாட்டு வீடுகளை வைத்து இதை ஆராய்ந்தது. விருந்தாளிக்குக் கிடைக்கும் அனுபவத்தை வீடு எப்படி உருவாக்குகிறதோ, அதேபோல வீட்டுக்காரரையும் அது உருவாக்குகிறது என்பது இத்துறை ஆய்வாளர்களின் பார்வை. கடக்வாஸ்லாவில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. பிள்ளைகள் புனேக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனபின் இரண்டு பேருக்கு மிஞ்சிய வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் கிழவருக்கு நடை வேகமாகிறது. வாடகை அவருக்குத் தேவை. பேச்சும் தேவை. அணை உடைந்த ஆண்டின் கதையை, சொந்தப் பிள்ளைகள் கேட்டுச் சலித்துவிட்ட கதையை, புதிதாக ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். எல்லா வீடுகளிலும் இப்படி நடப்பதில்லை. அலுத்துப்போய் அறையைப் பூட்டிவிட்டவர்களும், மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறிடம் போனவர்களும் இதே சாலையில் இருக்கிறார்கள். இடிந்துபோகாமல் நிற்கும் பழைய வீடுகளில் சிலவற்றுக்கு ஓடு மாற்றப் பணம் வந்தது விருந்தாளியால்தான் என்பதும் உண்மை.

தமிழ்நாட்டிலிருந்து அணிவகுப்புக்கோ கோட்டைக்கோ போய் இத்தகைய வீட்டில் தங்குபவர்கள், அறை கேட்கும்போதே அடுப்படி வழக்கத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும்; முடிந்தால் சமைத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சாத்தியிருக்கும் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. கிளம்பும்போது அங்கேயும் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. ஆண்கள் 'யேதோ' என்பார்கள், பெண்கள் 'யேதே' என்பார்கள். இரண்டுக்கும் பொருள் 'வருகிறேன்'.